பதினேழாம் கட்டத்தில் ஆளில்லை

செப்டம்பர் 2, செவ்வாய்

காலை 10.25-க்குச் சைரன். அடித்தளத்துக்கு இறங்க ஐம்பத்திரண்டு நொடி. நேற்றைவிட நான்கு குறைவு. முழங்கால் இன்று சொன்ன பேச்சு கேட்டது. சீறல் நான்கு. மேல் வெடி மூன்று. கீழ் இடி இல்லை. சத்தப் புத்தகத்தில் ஏற்றியாயிற்று.

மதியம் தம்பி சாப்பிட வந்தான். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஏன்க்கா, பால் கணக்கு மாதிரி குண்டுக் கணக்கு எழுதுறே! மாசக் கடைசில யார்கிட்ட பில்லு நீட்டப் போறே?" என்று சிரித்தான். சொல்லிக் கொடுத்தேன். மேட்டு முகாமிலிருந்து நம்முடைய தடுப்பு ஏவுகணை கிளம்பினால் சீறல். அது வானத்திலேயே எதிரியினுடையதைப் பிடித்து உடைத்தால் மேல் வெடி. பிடிக்காமல் விட்டு, வந்தது தரையில் இறங்கினால் கீழ் இடி. மூன்றுக்கும் மூன்று பத்தி.

"நாலு போய் மூணுதான் வெடிச்சுதுன்னா, நாலாவது எங்க போச்சு?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். வானொலியில் வழக்கமான வரிதான்: "மக்கள் வசிக்கும் பகுதிகளை நோக்கி வந்த அனைத்தும் தடுக்கப்பட்டன." ஊரே அந்த அமைப்பைக் குடை என்கிறது. தம்பிக்குக் குடைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. "குடைக்குக் கீழ இருக்கோம்க்கா. நீ எதுக்குப் படியேறி இறங்கி முழங்காலைத் தேய்க்கிறே?" சைரன் அடித்தாலும் ஆற்றோரச் செடிப் பண்ணையை விட்டு அவன் நகர்வதில்லை. படுக்கையும் அங்கேயே தகரக் கொட்டகையில். தெருநாய்கள் புகுந்து நாற்றைப் பறிக்கின்றன என்று, உள்ளே இருந்துகொண்டே கம்பிக்கு வெளியே கையை விட்டுக் கேட்டைப் பூட்டிக்கொள்கிறான்.

செப்டம்பர் 5, வெள்ளி

சைரன் இல்லை. பிரார்த்தனையை நடுவில் எழுந்து ஓடாமல் முழுதாகச் சொன்னேன். எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலை 4.10. சத்தங்களை எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கீழ்வீட்டு டெய்லர் படியில் நின்று கூப்பிட்டார். "அம்மா" என்று மட்டும் சொன்னார். அப்புறம், "ஆத்தோரம்."

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாம் முடிந்தது. சத்தப் புத்தகத்தை அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன். இனி அதைத் தொடப் போவதில்லை. என்ன எண்ணி என்ன ஆயிற்று?

செப்டம்பர் 24, புதன்

பாதுகாப்புப் பிரிவிலிருந்து கடிதம். அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது.

"9-ஆம் தேதி மாலை வந்த ஒரே ஏவுகணை 41-ஆம் கட்டத்தில் விழும் எனக் கணிக்கப்பட்டது. அக்கட்டம் ஆளில்லாத திறந்தவெளி. எனவே தடுக்க வேண்டிய அவசியம் எழவில்லை. தடுப்பு அமைப்பு முற்றிலும் சரியாக இயங்கியது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்."

ஆளில்லாத இடத்தில் என் தம்பி எப்படிச் செத்தான்?

பஸ் டிப்போ வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் படித்தார். கடிதத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. "விடும்மா. மெஷினுக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்யும்" என்றார்.

சொன்னது யார்? அதுதானே என் கேள்வி. மெஷின்கிட்ட போய், அங்க யாரும் இல்லன்னு சொன்னவன் எவன்?

செப்டம்பர் 26, வெள்ளி

நகராட்சி அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். குமாஸ்தாப் பெண் நல்லவள். உட்காரவைத்துச் சொன்னாள். ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்களாம். பாதிச் சனம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதால், வாரா வாரம் தெருக் கணக்காளர்கள் வீடு வீடாக ஆட்களை எண்ணுகிறார்கள். வியாழன் நான்கு மணிக்குப் பட்டியலை மூடி முகாமுக்கு அனுப்புவார்கள். அடுத்த வியாழன்வரை அதில் ஒரு புள்ளி மாறாது.

"தடுக்கிற ஏவுகணை ரொம்பக் குறைவும்மா. எங்க விழும்னு மெஷின் கணக்குப் போடும். அந்தக் கட்டம் சைபர்னா விட்டுடும். வீணாக்காது."

41-ஆம் கட்டத்தின் தாளை எடுத்துக் காட்டினாள். ஆட்கள்: 0. காரணம்: கேட்டில் பூட்டு. அந்த வாரம் கணக்காளர் வராததால் மேற்பார்வையாளரே எண்ணியிருக்கிறார். மூன்று முறை, வேறு வேறு நேரத்தில் போய்த் தட்டிய பிறகுதான் பூஜ்யம் போட வேண்டும் என்பது விதி. தாளில் மூன்று நேரமும் இருக்கிறது: 9.00, 12.00, 3.00. இப்படி மணி அடித்தாற்போலவா ஒரு மனிதன் கதவைத் தட்டுவான்? எட்டாவதோடு நின்ற படிப்புதான் என்னுடையது. ஆனால் முப்பது வருடமாக வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். பொய்க் கணக்கை எனக்கு வாசனையிலேயே தெரியும்.

கீழே பச்சை மையில் சுழித்துச் சுழித்து ஒரு கையெழுத்து. அந்த ஆள் நாலு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் மூடி திறந்த பேனா. போய்க் கேட்டேன்.

"எல்லாம் விதிப்படிதாம்மா. ஒவ்வொரு தாளையும் நான் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடறேன்."

அவர் எதிரில் அழுதுவிட்டேன். தம்பி போனதைவிட அது எரிகிறது. இல்லை, பொய். அதுவும் எரிகிறது.

பச்சைப்பேனா. இனி அவருக்கு அதுதான் பெயர்.

செப்டம்பர் 27, சனி

கடவுளே, நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். எழுதிக்கொண்டிருக்கிறாயா? அதை மட்டும் சொல். அவன் நாசமாகப் போக வேண்டும். அவன் வீட்டை யாரும் வீடென்று எண்ணக் கூடாது. காலையில் ஐம்பது தடவை, மாலையில் ஐம்பது தடவை இதையே சொன்னேன். எண்ணிக்கை தவறவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தெருக் கணக்காளர்கள் போதவில்லை, விருப்பமுள்ள பெண்கள் வரலாம் என்று அறிவிப்பு. போய்ப் பெயர் கொடுத்தேன். சேர்த்துக்கொண்டது பச்சைப்பேனாதான். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கேம்மா!" என்றார். என் முகம் அவருக்கு நினைவில்லை. மூன்று நாள் முன்பு அதே மேசைக்கு முன்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றவள் நான்.

12 முதல் 20 வரை எனக்கு ஒதுக்கிய கட்டங்கள். 17-இல் தண்ணீர்த் தொட்டிச் சாலைக் கடைசியில் மூன்றே வீடு. இரண்டு காலி. மூன்றாவது அவருடையது.

நானாகக் கேட்டு வாங்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன். தானாக வந்தது.

அக்டோபர் 2, வியாழன்

முதல் எண்ணிக்கை. ஒன்பது கட்டம், இருநூற்றுப் பதினோரு பேர். 17-இல் மூன்று பேர்: அவர், அவர் மனைவி, ஏழு வயசுப் பெண். அந்தப் பெண்பிள்ளை தன் பொம்மையையும் சேர்த்து நான்கு என்று எழுதச் சொன்னாள். மனைவி தண்ணீர் கொடுத்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, உட்காருங்கக்கா." நான் உட்காரவில்லை. அந்த வீட்டில் உட்கார முடியாது என்னால்.

மூன்று என்று எழுதினேன்.

அக்டோபர் 9, வியாழன்

செய்துவிட்டேன்.

பச்சைப்பேனாவின் மனைவி தினமும் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் போய் மகளைக் கூட்டிவருகிறாள். அவர் அலுவலகத்தில். மூன்று ஐந்துக்குப் போய் நின்றேன். கேட்டில் பூட்டு. என் கண்ணால் பார்த்தேன், பொய்யில்லை. ஆட்கள்: 0. காரணம்: கேட்டில் பூட்டு. போன நேரம்: 9.00, 12.00, 3.00.

அவர் செய்ததைத்தான் செய்தேன். ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று ஐம்பதுக்குத் தாளை நீட்டினேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ மின்விசிறி ரிப்பேர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, தாளையும் பார்க்காமலே பச்சை மையில் சுழித்தார். தன் வீட்டுக்கு நேர் கீழே. படிச்சுப் பார்த்துத்தான் போடறாராம்!

நான்கு மணிக்குப் பட்டியலை மூடினார்கள். கார்பன் நகல் என் கைப்பையில் இருக்கிறது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். முழங்கால் வலிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சாப்பாடு ருசித்தது. என் வீட்டுக்காரர், "என்ன, முகம் தெளிஞ்சிருக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

பிரார்த்தனையில் கேட்பதற்கு எதுவும் இல்லை. கேட்டதை நானே செய்தாகிவிட்டதே.

அக்டோபர் 11, சனி

மாலை 5.15-க்குச் சைரன். அடித்தளத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருக்க, நான் மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமே காதைத் திருப்பி வைத்திருந்தேன். எதைக் கேட்க ஆசைப்பட்டேன்? சொல்லு. எழுதவாவது எழுது.

அந்தப் பக்கம் ஒன்றும் விழவில்லை. மூச்சு விட்டேன். ஏமாற்றமா, நிம்மதியா? இரண்டும் ஒரே மூச்சில்தான் வந்தது.

அப்புறம் கடையில் அந்தப் பெண் எதிரே வந்தாள், மகளோடு. "நாங்க அடித்தளத்துக்கெல்லாம் போறதில்லக்கா. எங்க வீட்டுக்காரர், நம்ம கட்டம் லிஸ்ட்ல இருக்கு, குடை பார்த்துக்கும்னு சொல்லிட்டார்." குழந்தை கையிலிருந்த பொம்மையின் தலையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தது.

என் கணக்கு அவனோடு. ஆனால் நான் போட்ட பூஜ்யத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே அலுவலகம் போனேன். 17-ஐத் திருத்த வேண்டும், தவறாக எழுதிவிட்டேன் என்றேன். குமாஸ்தாப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"வியாழக்கிழமைதாம்மா இனிமே. நடுவுல ஆள் சேர்க்கணும்னா பிறப்புச் சான்றிதழ் வேணும்."

"பிறந்தது ஏழு வருஷத்துக்கு முன்னாடிம்மா."

"அப்ப இந்த வாரக் கணக்குல வராது."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? பச்சைப்பேனா உள்ளே இருந்தார். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனுக்கு என்னிடம் இரக்கம் வரும், மன்னிப்பான், அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். செத்தாலும் மாட்டேன்.

நேரே தண்ணீர்த் தொட்டிச் சாலைக்குப் போனேன். குழந்தைக்கு நான் வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன், பள்ளி விட்டதும் நேராக எங்கள் வீட்டுக்கே வாருங்கள், இருட்டும்வரை இருங்கள் என்றேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுக்கா."

அவனைக் கூப்பிடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அவனைக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் சைரன். 5.40. இருவரையும் கீழே இறக்கினேன். கண்ணை மூடினேன். பழக்கம் விடவில்லை, காது தானாக எண்ணியது.

சீறல் ஒன்று. பத்து நொடி. சீறல் இரண்டு. மேலே ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. அப்புறம் கீழ் இடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். சுவர்ச் சுண்ணாம்பு குழந்தையின் நோட்டில் உதிர்ந்தது.

அந்தப் பெண் கத்திய கத்தல்.

ஓடினோம். அந்த மூன்று வீடும் இல்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் உள்ளே இருந்தானா? இருந்திருக்க வேண்டும் என்றா, இருந்திருக்கக் கூடாது என்றா வேண்டிக்கொண்டேன்? கடவுளுக்கு இரண்டும் சேர்ந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். டிப்போ ரோட்டில் வரும்போதே பார்த்திருக்கிறான். சட்டையெல்லாம் புழுதி. மனைவி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவன் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வந்தது: "ரெண்டு போச்சு. பார்த்தேன். ரெண்டும் பக்கத்துல போய்க் கோட்டை விட்டுடுச்சு."

போக்கிடம் இல்லாமல் மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பச்சைப்பேனா என் கூடத்துப் பாயில். நான் எடுத்துக் கொடுத்த போர்வையில்.

அக்டோபர் 15, புதன்

காலை ஏழு மணி அறிக்கையை அடுக்களையில் ஐந்து பேரும் கேட்டோம். "நேற்று மாலை வந்த ஒரே ஏவுகணை 17-ஆம் கட்டத்தில், ஆளில்லாத திறந்தவெளியில் விழுந்தது. தடுக்க வேண்டிய அவசியம் எழவில்லை."

அவன் கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றது. "திறந்தவெளியா? யோவ், அது என் வீடுய்யா!" என்று வானொலியைப் பார்த்துக் கத்தினான்.

எழுந்து போய்க் கைப்பையிலிருந்து கார்பன் நகலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். தன் கையெழுத்தின் நிழலை அவன் வெகு நேரம் பார்த்தான்.

"இது... நீங்க எழுதினதா? ஏம்மா?"

"கேட்ல பூட்டு இருந்தது."

"மூணு தடவை வந்தீங்களா?"

"நாற்பத்தொண்ணுல நீங்க எத்தனை தடவை தட்டினீங்க?"

அப்போதுதான் என் முகம் அவனுக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது.

"தட்டல" என்றான். "ரோட்ல நின்னே பார்த்தேன். பூட்டு தொங்குச்சு. எழுதிட்டேன்."

அந்தப் பெண் என்னிடம் திரும்பினாள். "எங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சது அதுக்குத்தானா? அவரை விட்டுட்டு?" அக்கா என்று கூப்பிடாமல் பேசினாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

அவர்தான் வாயைத் திறந்தார், என் வீட்டுக்காரர். "ஒண்ணு புரியல. சைபர்னா சுடவே கூடாதுல்ல? நேத்து ரெண்டு போச்சுன்றார் இவர். நீயும் கேட்டேன்ற. வந்தது ஒண்ணே ஒண்ணு. அப்ப அந்த ரெண்டும் யாரைப் பார்த்துப் போச்சு?"

நான் அலமாரியின் அடியிலிருந்து சத்தப் புத்தகத்தை எடுத்தேன். செப்டம்பர் ஒன்பதுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாத புத்தகம். என் கையெழுத்தில்தான் இருந்தது. மாலை 4.10. சீறல் 2. மேல் வெடி 0. கீழ் இடி 1.

வந்த ஒரே ஏவுகணை என்று கடிதமே சொல்கிறது.

சுட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை சுட்டிருக்கிறார்கள், இரண்டும் தவறிவிட்டது. அப்புறம் பட்டியலைப் புரட்டி, பூஜ்யம் இருக்கிறதைப் பார்த்து, சுடவே தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். பூஜ்யம் குடையை மடக்கவில்லை. ஓட்டையை மூடியது, அவ்வளவுதான். பூஜ்யம் இல்லாத கட்டத்தில் தவறியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

அவர் சொன்னார்: "எங்க டிப்போல பிரேக் பிடிக்காத பஸ் உண்டு. ஆனா போய் மோதின பிறகு, நிக்க வேண்டிய அவசியம் எழலன்னு நாங்க எழுதினதில்ல."

மாலை

அப்படியானால் நான் சபித்தது தப்பான ஆளையா? இல்லை. முழுசாகத் தப்பில்லை. அவர்கள் கையைத் துடைத்துக்கொள்ள இவன் துணி கொடுத்தான். நானும் ஒன்று நெய்து கொடுத்தேன். ஆனால் கையில் ரத்தம் வைத்திருக்கிறவர்கள் வேறு. இத்தனை நாளாக ஐம்பது ஐம்பதாகச் சொன்ன சாபமெல்லாம் பாதி விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது.

கோபம் குறையவில்லை. இடம் மாறியிருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

பச்சைப்பேனாவை எதிரில் உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன்.

"எழுதுங்க. ரோட்லயே நின்னு பார்த்தேன், தட்டல, நேரத்தைப் பொய்யா எழுதினேன்னு. நானும் எழுதறேன், தெரிஞ்சே பொய் எழுதினேன்னு. ரெண்டையும், ரெண்டு நாள் சத்தக் கணக்கையும் சேர்த்துக் கொடுப்போம்."

"வேலை போயிடும்மா."

"எனக்குத் தம்பி போயிட்டான்."

"பொண்ணு படிக்கிறா..."

"நீங்க எழுதலன்னாலும் நான் போவேன். அப்ப உங்க பேரு என் வாயால வரும். என் வாய் எப்படின்னு எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "எழுதிடுங்க சார்" என்றார்.

பச்சைப்பேனா எழுதினார். மரியாதை கொடுத்துத்தான் எழுதுகிறேன் இப்போது, எப்போது மாறியது என்று தெரியவில்லை. மன்னிப்பில்லை அது. ஒரே வழக்கில் நிற்கிறவர்களுக்குள் இருக்கிற மரியாதை.

அக்டோபர் 20, திங்கள்

பாதுகாப்புப் பிரிவு. மடிப்புக் கலையாத சட்டை போட்ட அதிகாரி. எங்கள் இரண்டு வாக்குமூலத்தையும் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு என் புத்தகத்தை இரண்டு விரலால் புரட்டினார்.

"எது வரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"எட்டு."

"சத்தத்தை வெச்சு, போனது நம்ம ஏவுகணைன்னு எப்படிச் சொல்றீங்க?"

நூலகத்துப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். சத்தம் நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். மேட்டு முகாம் எங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு சைரன். சிரித்தார். "ஒரு வீட்டம்மா காதை நம்பி நாங்க அறிக்கையை மாத்த முடியாதும்மா."

ஒரு காது போதாதா உனக்கு? இரு.

பொய்க் கணக்கு எழுதியதற்காக வேலையிலிருந்து என்னை நீக்கி, அங்கேயே கையில் தாள் கொடுத்தார்கள். பச்சைப்பேனாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை போகவில்லை, வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

அக்டோபர் 22, புதன்

ஊரில் முப்பத்தாறு தெருக் கணக்காளர்கள். முப்பத்திரண்டு பேர் பெண்கள், எல்லோரும் என்னைப் போலச் சமையலறைக் கடிகாரம் வைத்திருப்பவர்கள். மூன்று நாளாக வீடு வீடாகப் போகிறேன். எண்ணச் சொல்லித் தருகிறேன்: சீறல், மேல் வெடி, கீழ் இடி. ஒருத்தி சொன்னாள், "எம் புருஷன் குறட்டையை எண்ணின காதுக்கா இது. ஒண்ணு தப்பாது."

இருபத்தொன்பது பேர் ஒப்புக்கொண்டார்கள். வாராந்தரத் தாளின் பின்பக்கம் எழுதுவார்கள். பச்சைப்பேனா எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். "படிச்சுப் பார்த்துப் போடுங்க" என்றேன். தலையாட்டினார்.

நவம்பர் 6, வியாழன்

இரண்டாவது வாரம். ஐந்து சைரன். இருபத்தொன்பது புத்தகத்திலும் ஏறக்குறைய ஒரே எண். போன சீறல் பதினெட்டு. மேல் வெடி ஏழு. வானொலி சொன்னது: அனைத்தும் தடுக்கப்பட்டன.

பதினெட்டுக்கு ஏழு. இதைத்தான் நம்பிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் தம்பி.

தாள்களின் நகல் பத்திரிகைக்கும் போயிருக்கிறது. யார் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது. பின்பக்கத் தாள்களைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், கோணல்மாணல் கையெழுத்துகளோடு. மூலையில் பச்சை மை. அடுத்த வீட்டிலிருந்து வந்து, "உங்க வாய்ல என்ன போடுறது, தெரியலையே" என்றார்கள். இனிப்பாக எதையாவது போடுங்கள் என்றேன்.

மடிப்புக் கலையாத சட்டையின் பேட்டியும் இருக்கிறது. "ஆராய்ந்து வருகிறோம்." ஆராயட்டும். தூங்காமல் ஆராயட்டும். கடவுளே, இந்த ஆளுக்கு ஐம்பது தடவை போதாது.

நவம்பர் 12, புதன்

பச்சைப்பேனாவின் மனைவி தெருவில் எதிரே வந்தாள். மகள் கையை ஆட்டினாள். அவள் ஆட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

இரண்டு விஷயம்.

காலை அறிக்கை: "நேற்று ஏவப்பட்டவை நான்கு. இலக்கைத் தொட்டவை இரண்டு." ஏவப்பட்டவை என்ற சொல்லை இதற்கு முன் அவர்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என் புத்தகத்திலும் நான்கும் இரண்டும்தான்.

மதியம் கடிதம். பழையதை ரத்து செய்து புதியது. "9-ஆம் தேதி 41-ஆம் கட்டத்தை நோக்கி வந்த ஏவுகணையைத் தடுக்க இரு முறை முயற்சி செய்யப்பட்டது. தவறியது. அக்கட்டத்தில் ஒருவர் வசித்து வந்தார்."

ஒருவர். எண்ணிவிட்டார்கள்.

அவர் இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டு வந்து படித்தார். "போதுமாம்மா?" என்றார்.

"முதல் கடிதத்தை எழுதினது யாருன்னு இதுல இல்லையே" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே போய் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார்.